தண்ணீர்ப் புள்ளி

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துத் தண்ணீர் சரியில்லை என்பது அங்கே வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். கற்பிட்டிப் பக்கத்தில் எந்தக் கிணற்றில் அள்ளினாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்துதான் வரும். இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடிச் சிலைட்டில் மெல்லியதாய் இழுத்து, காய வைத்து, சாயம் ஊற்றி, பிறகு கழுவ வேண்டும். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். அது மாதத்தில் பாதி நாள் இருக்காது. இல்லாத நாட்களில் குழாய்த் தண்ணீரில் கழுவுவோம். அப்படிக் கழுவிய சிலைட்டில் சாயம் திரண்டு படிந்து, நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது பொடிப்பொடியாய் நீலப் புள்ளிகள் தெரியும். அவற்றுக்குத் தண்ணீர்ப் புள்ளி என்று பெயர் வைத்தவர் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர்.

அவர் சிலாபத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் சில வருடங்களே இருந்தன. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தொந்தரவு வராமல் நாட்களைக் கடத்திவிட வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், மாம்புரியிலிருந்து வந்த ஒருவருடைய இரத்தத்தைப் பார்த்துவிட்டு, செங்குழியங்களுக்குள் நீலப் புள்ளிகள் இருக்கின்றன என்று அறிக்கையில் எழுதினேன். பொறுப்பாளர் அறிக்கையோடு என் மேசைக்கு வந்தார்.

"இது என்ன?"

"புள்ளி இருக்கு சேர்."

"எங்கட தண்ணியில கழுவினா டொக்டர்ட சட்டையிலயும் புள்ளி இருக்கும். இதை அனுப்பினா அவர் கொழும்புக்கு எழுதுவார். கொழும்பில இருந்து என்னட்டக் கேப்பாங்க. வெட்டுங்க பிள்ளை."

வெட்டினேன். அந்த மனிதரின் சிலைட்டை இன்னொரு தடவை பார்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு புள்ளிகளைக் கண்டால் என் கண் தானாகவே அவற்றைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல செங்குழியத்துக்குள், அதாவது இரத்தத்தின் சிவப்பு அணுவுக்குள், எதுவும் கிடக்கக் கூடாது. நடுவில் கொஞ்சம் வெளிறிய, வட்டமான, வெறுமையான ஒரு சிவப்புத் தட்டு, அவ்வளவுதான் அது. உள்ளே ஏதாவது கிடந்தால் உடம்பில் எங்கோ ஏதோ சரியில்லை. தனியாக ஒரு உருண்டை கிடந்தால் மண்ணீரல் வேலை செய்யவில்லை, அல்லது அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் நாலைந்து பொடிகள் ஒட்டிக் கிடந்தால் இரும்பு பயன்படாமல் தங்கிவிட்டது. மெல்லிய மோதிரம் போல இருந்தால் மலேரியா. குழியம் முழுக்க ஒரே சீராக நீலப் பொடி தூவியது போல இருந்தால், பிறப்பிலேயே வந்த இரத்த நோயாக இருக்கலாம், அல்லது ஈயம் உடம்புக்குள் போயிருக்கலாம். இரத்தக் குழியங்களை எண்ணுகிற இயந்திரத்துக்கு இவை ஒன்றும் தெரியாது. மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

சாயப் படிவையும் உண்மையான புள்ளியையும் பிரித்தறிவது பெரிய வித்தை இல்லை. நுணுக்குக்காட்டியின் சிறிய திருகை மெதுவாகத் திருப்பினால், சாயப் படிவு குழியத்துக்கு மேலே மிதந்து, குழியம் மங்கும்போது தான் தெளியும். குழியங்களுக்கு இடையில் வெறும் இடத்திலும் கிடக்கும். உண்மையான புள்ளி குழியத்தோடு சேர்ந்து தெளிந்து, சேர்ந்தே மங்கும். மாணவியாக இருந்தபோது இந்தப் பாடத்தில் என்னை மிஞ்ச வகுப்பில் ஆள் இருக்கவில்லை. சோதனைக்கு வைத்த அத்தனை சிலைட்டுக்கும் பிழையில்லாமல் எழுதினேன். அந்தச் சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு அக்கா. நான்கு வயது மூத்தவள். கண்டக்குழியில் வலைத்தொழில் செய்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். வலையின் அடிக்கயிறு கடலில் தாழ்ந்து நிற்பதற்கு ஈயக் குண்டுகள் கோர்ப்பார்கள். கடையில் வாங்குகிற குண்டு விலை ஏறியபோது, அத்தான் பாலாவிச் சந்தியிலிருந்து பழைய லொறிப் பற்றரிகளை மூட்டையாய்க் கொண்டுவந்து போட்டார். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் ஊற்றினால் குண்டு. முதலில் அத்தான்தான் செய்தார். அவர் கடலுக்குப் போகிற ஆள் என்பதால் வேலை மெல்ல அக்காவின் கைக்கு வந்தது. குசினியின் பின்பக்கத்து அடுப்பில், சோற்றை இறக்கிவிட்டு அதே நெருப்பில் ஈயச் சட்டியை ஏற்றுவாள். பக்கத்துப் படகுக்காரரும் கேட்டு வந்தார்கள். அவளுடைய குண்டு வெடிப்பில்லாமல் வழுவழுப்பாக இருக்கும் என்று பெயர்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கே போனால் அந்தக் குசினியில் உட்கார்ந்துதான் மீன் குழம்பும் பாணும் சாப்பிடுவேன். தரை எப்போதும் சாம்பல் நிறத் தூசியாய் இருக்கும். அவளுடைய சின்ன மகளுக்கு அப்போது மூன்று வயது. ஊற்றும்போது சிந்தி உறைந்த ஈய மணிகளைப் பொறுக்கி, டப்பாவில் போட்டுக் குலுக்கி விளையாடுவாள். ஒன்றிரண்டை வாயில் போட்டதையும் பார்த்திருக்கிறேன். "துப்பு, தொண்டையில அடைக்கும்" என்று சொன்னேன். அடைக்கும் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. வந்தால் சுருண்டு படுத்துவிடுவாள். நாலைந்து நாளைக்கு வயிறு போகாது. கை ஓய்ந்துபோய்க் கோப்பைகள் நழுவி விழுந்தன. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தபோது, "அத்தானோட கோவமெண்டா அவருக்கு எறியன், எனக்கேன் எறியிறாய்" என்று பகிடி விட்டேன். அவளும் சிரித்தாள்.

கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் பார்த்து, முகம் வெளிறியிருக்கிறது என்று, இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். துண்டை எடுத்துக்கொண்டு ஆய்வுகூட யன்னலுக்கு வந்து நின்றாள்.

"நீயே குத்து. மற்றவங்க ரெண்டு மூண்டு தரம் குத்துவாங்க" என்றாள்.

நானே எடுத்தேன். நானே சிலைட் இழுத்தேன், சாயம் ஊற்றினேன். அன்றைக்கு வடித்த நீர் இல்லை. அவளுடையதோடு இன்னும் எட்டுச் சிலைட்டுகள் தட்டில் இருந்தன. எல்லாவற்றையும் குழாயில் கழுவினேன்.

அவளுடைய குழியங்கள் சிறியனவாய், வெளிறிப்போய் இருந்தன. அவற்றில் நீலப் புள்ளிகள் இருந்தன. ஒன்றில் இரண்டில் அல்ல. ஒரு வட்டத்துக்குள் தெரிகிற குழியங்களில் நாலைந்தில் இருந்தன. கை திருகில்தான் இருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை. வெளியே வரிசை நீண்டிருந்தது. பொறுப்பாளர் பின்னால் நின்று, யாருடையதோ சீனி அறிக்கை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் புள்ளி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இரும்புக் குறைவாக இருக்கலாம் என்று எழுதி, கையெழுத்து வைத்தேன்.

வேலை நெருக்கடி என்று சொல்லித் தப்பலாம். அது பாதிதான் உண்மை. அக்காவின் நோய் சின்ன வருத்தமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். குளிசையோடு போகிற வருத்தமாக. அவளுக்காகப் பொறுப்பாளரோடு ஒரு சண்டையைத் தொடங்கவும் எனக்கு விருப்பமில்லை. அந்தக் கிழமை இடமாற்றப் பட்டியல் வர இருந்தது.

டொக்டர் என் அறிக்கையைப் பார்த்து இரும்புச் சத்துக் குளிசை கொடுத்தார். அக்கா ஒழுங்காகக் குடித்தாள். முருங்கையிலை சுண்டு, ஈரல் வாங்கிச் சமை என்று நான் வேறு புத்தி சொன்னேன். அந்த ஈரலையும் அதே அடுப்பில்தான் சமைத்திருப்பாள். வயிற்றுவலி நிற்கவில்லை. "குளிசைதான் வயித்தைக் கட்டுது போல" என்றாள். ஓம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலையில், அத்தான் தொலைபேசியில் கூப்பிட்டார். சின்னவளுக்கு வலிப்பு. ஓட்டோவில் வந்துகொண்டிருந்தார்கள். நான் வாசலுக்கு ஓடியபோது, அக்காவின் மடியில் பிள்ளை விறைத்துப் போய்க் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. காய்ச்சல் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வலிப்பை நிறுத்திவிட்டு, அம்புலன்சில் கொழும்புக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அக்காவுக்குச் சிங்களம் சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் தெரியும்.

கொழும்பில் பிள்ளையைப் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். அவசரப்படாமல் கேட்டாள். கேட்டதை நான் தமிழில் சொன்னேன், அக்கா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன்.

"வீட்டில என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேக்கிறா."

"மீன்பிடி. வலைக்கு ஈயக் குண்டும் ஊத்திறன்."

டொக்டரின் பேனை நின்றது. எங்கே ஊற்றுவது, பிள்ளை பக்கத்தில் இருப்பாளா என்று கேட்டாள். பிறகு அக்காவின் கையைப் பிடித்து, மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னாள். அக்காவால் தூக்க முடியவில்லை. எவ்வளவு நாளாய் இப்படி, யாருக்காவது காட்டினீர்களா, இரத்தம் பார்த்தார்களா என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "எங்கட ஆஸ்பத்திரியில பாத்தவங்க. இரும்புக் குறைவு எண்டு சொன்னாங்க" என்றாள்.

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். பார்த்தவர் யார் என்று டொக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று வரை எனக்கு நிச்சயமில்லை. தாயின் இரத்தத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் பிள்ளைக்கு வந்ததையும் நேரத்தோடு கண்டுபிடித்திருக்கலாம் என்று மட்டும் அவள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அந்த வசனத்தை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

"என்ன சொல்லுறா?" என்று அக்கா கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் ஈயம் பாக்க வேணுமாம்" என்றேன்.

இரண்டு பேருக்கும் இருந்தது. பிள்ளைக்கு மிக அதிகம். ஈயத்தை வெளியேற்றுகிற மருந்தை நாள் கணக்காக ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே பழைய சிலைட்டுப் பெட்டியைத் திறந்தேன். அக்காவுடையது இருந்தது. அன்று அதே தட்டில், அதே தண்ணீரில் கழுவிய மற்ற எட்டும் இருந்தன. ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் தண்ணீர்ப் புள்ளி இருந்தது. குழியங்களுக்கு மேலேயும் இடையிலும் குப்பை போல மிதந்தது. குழியத்துக்குள் ஒன்றும் இல்லை. அக்காவுடையதிலும் அந்தக் குப்பை இருந்தது. ஆனால் திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் குப்பை மேலே போயிற்று, குழியத்துக்குள் இருந்த பொடி அங்கேயே நின்றது. முதல் வருட மாணவிக்கும் தெரியும். ஒன்பது சிலைட்டையும் பார்த்து முடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை.

பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். "சேர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எழுந்து கதிரையை விட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்தார். கை திருகுக்குப் போனது. இரண்டு இடம் நகர்த்திப் பார்த்தார்.

"இது ஈயம்" என்றார். "எந்த வோட்டில படுத்திருக்கிற ஆள்?"

அவருக்கு அரை நிமிடம் கூட எடுக்கவில்லை. பிறகு யாருடையது, எப்போது எடுத்தது என்று சொன்னேன். நாங்கள் எல்லோரும் இதைத் தண்ணீர்ப் புள்ளி என்று விட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னேன்.

"அறிக்கையில கையெழுத்து யாருட?"

"என்ட."

"நான் எழுத வேண்டாம் எண்டு சொன்னது தண்ணிப் புள்ளியை. இதை எழுத வேண்டாமெண்டு எப்ப சொன்னன்? நீங்க என்னட்டக் காட்டினீங்களா?"

காட்டவில்லை. அவர் எழுந்து, சிலைட்டை என் கையில் தந்து, "நடந்தது நடந்திட்டுது. இனி இதை ஒருத்தரிட்டயும் கதைச்சுக்கொண்டு திரிய வேண்டாம். உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. விசாரணை இல்லை, கடிதம் இல்லை. அந்த வருடம் எனக்குச் சம்பள ஏற்றமும் வழக்கம் போல வந்தது.

நான் வெட்டிய அந்த முதல் அறிக்கை நினைவில் வந்தது. பதிவேட்டைத் தேடி விலாசத்தை எடுத்துக்கொண்டு மாம்புரிக்குப் போனேன். தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. முன்னால் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவருடைய மகள் கிட்ட வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் துவாயால் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"வாப்பா மவுத்தாகி ரெண்டு வருசமாகுது" என்றாள்.

"என்ன வருத்தம்?"

"ஒண்டும் கண்டுபிடிக்கல்ல. சும்மா மெலிஞ்சு மெலிஞ்சு போனார்."

அவர் என்ன தொழில் செய்தார் என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போனேன். கேட்கவில்லை. அவள் தந்த இளநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து சுகாதாரப் பகுதிக்குக் கடிதம் வந்து, சுகாதாரப் பரிசோதகர் அக்காவின் வீட்டுக்குப் போனார். குசினித் தரையைச் சுரண்டி எடுத்துப் புதைக்கச் சொன்னார். பற்றரி மூட்டைகளை அகற்றச் சொன்னார். அக்கா ஊற்றுவதை நிறுத்தினாள். கண்டக்குழியில் ஈயம் உருக்குவது நிற்கவில்லை. நாலு வீடு தள்ளி இன்னொரு குசினிக்குப் போனது. அந்த வீட்டிலும் பிள்ளைகள். நான் லீவு போட்டு, ஊசியும் சிலைட்டும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இரத்தம் தாருங்கள், சும்மா பார்த்துச் சொல்கிறேன் என்று கேட்டேன். இரண்டு வீட்டார் தந்தார்கள். ஈயம் உருக்கத் தொடங்கியிருந்த வீட்டு உம்மா வாசலிலேயே நின்று, மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஒங்கட ராத்தாட ஊட்டிலயே ஒங்களுக்குத் தெரியல்ல, மகள். எங்கட ஊட்டில என்னத்தப் பாக்கப் போறீங்க?"

கண்டக்குழிக்கே தெரிந்திருந்தது. அத்தான் சொல்லியிருப்பார். அவர் என் முகத்துக்கு நேரே ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. நான் போனால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்.

அக்கா மட்டும் முன்பு போலவே கதைத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருந்தது. முன்பு நிறுத்தாமல் பேசியவள், இப்போது இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துச் சொல்வதில்லை. அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அண்டைக்கு என்ட ரத்தத்தில அது இருந்ததா?"

"இருந்தது."

"நீ கண்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சிலைட் சரியாக வரவில்லை, தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் விரும்பினாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"கண்டனான். தண்ணியால வந்தது எண்டு நினைச்சு விட்டிட்டன். திருப்பிப் பாக்கேல்லை."

துவாய் பிள்ளையின் தலையில் அப்படியே நின்றது. பிறகு துவட்டி முடித்து, பிள்ளைக்குச் சட்டை போட்டு, பொத்தானைப் பூட்ட முயன்றாள். அவளுடைய விரல்கள் இன்னும் சரியாக வரவில்லை. நான் கிட்டப் போனேன். "விடு, நான் பூட்டுறன்" என்றாள்.

பூட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "கொழும்பில நீ கதைக்கேக்குள்ளயே விளங்கினது. அந்த டொக்டர் நிறையச் சொன்னவ. நீ கொஞ்சம்தான் சொன்னாய். இவ்வளவு நாளும் அதைக் கேக்காம இருந்தன். சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ."

"நீதானே கேட்டனி, அக்கா."

"ஓம். கேட்டன்."

இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். முதலாம் வகுப்பில் இரண்டாவது வருடம். 'அ'வை எழுதிக் காட்டினால் பார்த்து எழுதுவாள். காட்டாமல் கேட்டால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். மடியில் ஏறி உட்காருவாள். அவளுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை.

சில மாதங்களுக்கு ஒரு தடவை அவளுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். எடுத்துக் கொழும்புக்கு அனுப்புகிற வேலைதான். எங்கள் ஆய்வுகூடத்தில் எடுக்கலாம், அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். போன கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவர்களைக் கண்டேன். அக்கா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கிளினிக் கொப்பியோடு, தூரத்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்தது. பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அக்கா அவளைத் தூக்கி ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள்.